பழைய பத்திரிகையில் 'ஜாதி': புதிதாகத் தேட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய பத்திரிகை படிக்க நான் முதன்முதலில் உட்கார்ந்தபோது, நோட்டுப் புத்தகத்தில் ஆறு பக்கம் வீணாக்கினேன். 1900களின் தமிழ்ப் பத்திரிகைகள் ஜாதியைப் பற்றி என்ன எழுதின என்று பார்ப்பதுதான் எண்ணம். அதனால் 'ஜாதி' என்று கண்ணில் பட்ட இடத்தையெல்லாம் தேதி போட்டுக் குறித்துக்கொண்டே போனேன். ஒரு வாரம் கழித்துத் திரும்பப் படித்தால், பாதிக் குறிப்புகள் ஜப்பானையும் ருஷியாவையும் பற்றி இருக்கின்றன. ஜப்பானியருக்குள் என்ன ஜாதிச் சண்டை என்று குழம்பினேன். அப்புறம்தான் உறைத்தது: அங்கே ஜாதி என்றால் ஒரு தேசத்து மக்கள். நான் தேடி வந்த ஜாதிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இப்போது அந்த வேலையைத் தொடங்குபவர்களுக்கு அந்த ஆறு பக்கம் மிச்சமாகட்டும் என்று இதை எழுதுகிறேன். ஆராய்ச்சி மாணவர்தான் செய்ய வேண்டும் என்றில்லை. தாத்தா காலத்துப் பத்திரிகைக் கட்டு வீட்டுப் பரணில் கிடைத்தாலும் இந்த முறை உதவும்.

முதல் படி: இன்றைய பொருளை ஓரமாக வையுங்கள்

பத்திரிகையைத் திறக்கும் முன்னால் அகராதியைத் திறக்க வேண்டும். இரண்டு போதும். ஒன்று, வின்சுலோவின் தமிழ் ஆங்கில அகராதி, 1862இல் வந்தது. இன்னொன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. நாம் பார்க்கும் காலத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஒரு முழுத்தாளில் பொருள்களை எழுதிக்கொள்ளுங்கள். பிறப்பு. குலம். மக்களினம். விலங்கிலும் செடியிலும் வகை. ஆண், பெண் என்ற பால். உயர்ந்த ரகம், ஜாதி மாடு, ஜாதி நாய் என்று இன்றும் சொல்கிறோமே, அது. இவை போக ஜாதிமல்லி, ஜாதிக்காய், தாளத்தின் ஐந்து ஜாதிகள். 'பெண்சாதி' என்றால் மனைவி. நீதிமன்றச் செய்திகளில் இது அடிக்கடி வரும்.

இவற்றோடு இன்னொன்றையும் சேருங்கள். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சொல்லாமலே தெரிந்திருக்கும். பழைய தமிழ் விவிலியத்தில் 'சகல ஜாதிகளையும் சீஷராக்கி' என்று வரும். அங்கே ஜாதிகள் என்றால் உலகத்து இனங்கள், தேசத்தார். இன்றைய பொது மொழிபெயர்ப்பு அதே இடத்தில் 'எல்லா மக்களினத்தாரையும்' என்று சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் 1841இல் தொடங்கிய 'உதயதாரகை' உட்படத் தொடக்க காலத் தமிழ் இதழ்கள் பலவற்றை நடத்தியவர்கள் மிஷனரிகள். ஆக, ஜாதி என்ற சொல்லுக்குத் தேசத்தார் என்ற பொருள் 1905இல் திடீரென்று வானத்திலிருந்து விழவில்லை.

இரண்டாம் படி: மூன்று பத்திரிகைகளைத் தேர்ந்துகொள்ளுங்கள், முப்பது வேண்டாம்

ஒரே பத்திரிகையைப் படித்தால் அந்த ஆசிரியரின் வழக்கம்தான் தெரியும். நிறைய எடுத்தால் முடிக்க மாட்டீர்கள். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத மூன்றை எடுப்பதுதான் நல்லது.

நான் சொல்லக்கூடிய மூன்று இவை. 'சுதேசமித்திரன்': ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் வார இதழாகத் தொடங்கி 1899இல் நாளிதழாக்கியது. 'இந்தியா': 1906 மே மாதம் சென்னையில் தொடங்கிய வார இதழ், பாரதியின் கை ஓங்கியிருந்த இடம். 1908இல் ராஜத்துரோக வழக்குக்குப் பிறகு புதுச்சேரிக்குப் போய் 1910 வரை நடந்தது. மூன்றாவது, ஒடுக்கப்பட்டோர் தரப்பில் நின்று எழுதிய அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்'. 1907 ஜூனில் தொடங்கியது. ஒரு வருஷத்தில் விலையைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு 'தமிழன்' ஆனது. முதல் இரண்டும் தேசிய இயக்கத்தின் பக்கம். அவற்றுக்குள் மிதம், தீவிரம் என்று பூசல் உண்டு. மூன்றாவது அவர்கள் இருவரையும் கேள்வி கேட்ட பக்கம். ஜாதி என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான மூவர் கூட்டணி கிடைக்காது.

மூன்றாம் படி: இதழைக் கண்டுபிடித்துத் தேதியைச் சரிபார்ப்பது

சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இலங்கை இதழ்களுக்கு 'நூலகம்' (noolaham.org) என்ற இணையதளம். போகும் முன் அந்த இதழ் இருக்கிறதா, எந்த வருஷங்கள் இருக்கின்றன என்று கேட்டுவிட்டுப் போங்கள். எல்லா இதழ்களும் முழு வரிசையாக எங்கும் இருப்பதில்லை.

தேதியில் புதியவர்கள் நிறையப் பேர் சறுக்குவார்கள். பழைய இதழ்களில் ௵, ௴, ௳ என்ற குறிகளைப் பார்ப்பீர்கள். முறையே வருஷம், மாசம், தேதி. 'பராபவ ௵ ஐப்பசி ௴ 5 ௳' என்றால் 1906 அக்டோபர் மூன்றாம் வாரம். ஆனால் 'பராபவ தை' என்றால் 1907 ஜனவரி, பிப்ரவரி. தமிழ் வருஷம் சித்திரையில் மாறுகிறது, ஆங்கில வருஷம் மார்கழி நடுவில் மாறிவிடுகிறது. விசுவாவசு 1905, பராபவ 1906, பிலவங்க 1907, கீலக 1908, சௌமிய 1909 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோட்டில் ஒட்டிக்கொண்டால் நல்லது.

தொகுப்பு நூல்களில் படிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பாரதியின் பத்திரிகை எழுத்தும் அயோத்திதாசரின் எழுத்தும் நல்ல தொகுப்புகளாக வந்திருக்கின்றன. ஆனால் தொகுப்புகளில் எழுத்து திருத்தப்பட்டிருக்கலாம். 'ஜாதி' 'சாதி' ஆகியிருக்கும், சந்தி பிரிந்திருக்கும், மூலத்தில் இல்லாத தலைப்பு முளைத்திருக்கும். நீங்கள் தேடுவதே அந்தச் சொல்லை என்பதால், முக்கியமான பத்து இடங்களையாவது மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

நான்காம் படி: தேடல் பெட்டியை நம்பாதீர்கள்

ஸ்கேன் செய்த இதழில் 'ஜாதி' என்று தட்டினால் வருவது பாதிதான். பழைய அச்சில் ணை, லை, னை எல்லாம் துதிக்கை வைத்த எழுத்து, அதாவது ஐகாரக் குறி தனியாக நிற்காமல் யானைத் துதிக்கை மாதிரி எழுத்தோடு ஒட்டி வளையும். 1978இல்தான் தமிழக அரசு அதை மாற்றியது. எழுத்தறியும் மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. வரி முடியும் இடத்தில் 'ஜா' நின்று, அடுத்த வரியில் 'தி' தொடங்கும். நடுவே ஒரு கோடுகூட இருக்காது. சொற்கள் ஒட்டியும் வரும்: அன்னியஜாதி, ஸ்வஜாதி, ஜாதியாரெல்லாம். 'ஜாத்யபிமானம்' என்று எழுதியிருந்தால் 'ஜாதி' என்ற தேடலில் அது சிக்கவே சிக்காது.

அதனால் ஜாதி, சாதி, ஜாதீய, ஜாத்ய என்று நான்கையும் தனித்தனியாகத் தேட வேண்டும். 'சாதி'யில் குப்பை நிறைய வரும். சாதித்தான், சாதிக்க, மௌனம் சாதித்தார் என்று வினைச்சொல்லெல்லாம் வந்து விழும். வைணவச் செய்தியாக இருந்தால் பெருமாள் பிரசாதம் 'சாதித்தருளியது' கூட வரும். சாதிலிங்கம், சாதிக்காய்ப் பெட்டி, ஜாதிபத்திரி எல்லாம் விளம்பரப் பக்கத்து விருந்தாளிகள். கோடு போட்டு அடித்துவிட்டு மேலே போக வேண்டியதுதான்.

ஐந்தாம் படி: பக்கத்து வீட்டுக்காரரைப் பாருங்கள்

இதுதான் உண்மையான வேலை. ஒரு சொல்லின் பொருள் அந்தச் சொல்லில் கொஞ்சம்தான் இருக்கிறது, மீதி பக்கத்துச் சொற்களில் இருக்கிறது. நோட்டில் 'ஜாதி' என்று மட்டும் எழுதாதீர்கள். முன்னால் மூன்று சொல், பின்னால் மூன்று சொல் சேர்த்து எழுதுங்கள்.

அந்தக் காலத்து நடையில் நானே மூன்று வாக்கியம் கட்டித் தருகிறேன். எந்த இதழிலிருந்தும் எடுத்ததல்ல, பழகிக்கொள்வதற்காக.

'சீமைக்குப் போய்த் திரும்பியவரை ஜாதிப் பிரஷ்டம் செய்வதென்று அக்கிரகாரத்தார் தீர்மானித்தார்கள்.'

'ஜப்பானிய ஜாதியார் ஐம்பது வருஷத்துக்குள் அடைந்திருக்கும் அபிவிருத்தியை நம்மவர் கவனிக்க வேண்டும்.'

'ஜாதி அபிமானமில்லாத ஜனங்கள் முன்னுக்கு வரமாட்டார்கள்.'

முதலாவதில் குழப்பமே இல்லை. பிரஷ்டம், ஆசாரம், கட்டுப்பாடு, தீட்டு, பந்தி, கலப்பு, அக்கிரகாரம், சேரி: இவற்றில் ஒன்று பக்கத்தில் நின்றால் அது குலம். 'கானேஷுமாரி' என்ற சொல் வந்தாலும் அப்படித்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அப்போது வழங்கிய பெயர் அது. 1901, 1911 கணக்கெடுப்புகளை ஒட்டிய மாதங்களில் ஜாதி என்றால் பெரும்பாலும் பதிவேட்டு ஜாதிதான்.

இரண்டாவதும் சுலபம். முன்னால் ஒரு நாட்டின் பெயர் நிற்கிறது. ஆங்கிலேய, ருஷிய, ஜப்பானிய என்று வந்தாலே தேசத்தார்.

மூன்றாவதுதான் பொறி. எனக்கு ஆறு பக்கத்தை வீணாக்கியது இந்த மாதிரி வாக்கியம்தான். இதை எழுதியவர் தேசாபிமானத்தைச் சொல்கிறாரா, குலப் பெருமையையா? தனி வாக்கியத்தை வைத்துச் சொல்ல முடியாது. மாற்றிப் போட்டுப் பாருங்கள். 'ஜாதி' இருக்கும் இடத்தில் 'தேச' என்று வைத்து முழுப் பத்தியையும் படியுங்கள். பிறகு 'குல' என்று வைத்துப் படியுங்கள். எதில் பத்தி நொண்டாமல் நடக்கிறதோ அதுதான் பொருள். இரண்டிலும் நடந்தால் 'இரண்டும்' என்று எழுதுங்கள். வலுக்கட்டாயமாக ஒரு பெட்டியில் அடைக்க வேண்டாம். எழுதியவருக்கே இரண்டும் மனதில் இருந்திருக்கலாம்.

ஏன் இந்த ஒரு சொல்லுக்கு இத்தனை சுமை? நாளிதழ் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். ராய்ட்டர் செய்தி நிறுவனத்தின் தந்தி ஆங்கிலத்தில் வருகிறது, தலைவர்களின் பிரசங்கம் ஆங்கிலத்தில் வருகிறது. 1904 கடைசியில் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதிக்கு அங்கே முக்கிய வேலையே மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் 'நேஷன்' வேறு, 'ரேஸ்' வேறு, 'காஸ்ட்' வேறு. அதிலும் காஸ்ட், போர்ச்சுகீசியரின் 'காஸ்டா'விலிருந்து வந்த இரவல் சரக்கு. தமிழில் மூன்றுக்கும் கைக்கு எட்டியது ஜாதி ஒன்றுதான். அச்சுக்குப் போகும் நேரத்தில் எவரும் கலைச்சொல் கமிட்டி கூட்ட மாட்டார்கள்.

வங்காளத்துக் காற்றும் சேர்ந்துகொண்டது. 1905 அக்டோபரில் வங்கப் பிரிவினை, அதை ஒட்டி சுதேசி இயக்கம், 1906இல் தேசியக் கல்விக்காக 'ஜாதீய சிக்ஷா பரிஷத்'. வங்காளியில் 'ஜாதீய' என்றால் தேசிய. அந்தச் சொல் அங்கிருந்து செய்தியோடு செய்தியாக இங்கேயும் இறங்கியது. அதனால் 1905 முதல் 1910 வரைக்குமான தேசியவாத இதழ்களில் 'ஜாதீய' என்ற வடிவம் வந்தால், முதலில் 'தேசிய' என்று வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

ஆறாம் படி: ஒரே ஆளின் எழுத்தை மட்டும் தனியாக எடுங்கள்

மூன்று பத்திரிகையைப் பார்த்தபின் ஓர் ஆளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். சொல் எப்படி வளைகிறது என்பது அங்கேதான் தெரியும்.

பாரதி 'வந்தே மாதரம்' பாட்டை மொழிபெயர்த்துக் கொடுத்த தலைப்பு 'ஜாதீய கீதம்'. தேசிய கீதம் என்று பொருள். அதே ஆள் 'ஆயிரம் உண்டிங்கு ஜாதி' என்று எழுதும்போது அது குலம். 'தமிழச் சாதி' என்னும்போது தமிழ் மக்கள் அனைவரும். 'காக்கை குருவி எங்கள் ஜாதி' என்னும்போது மனுஷ எல்லையையே தாண்டி உயிரினம் வரைக்கும் போய்விடுகிறது. ஒரே பேனா, ஒரே சொல், நான்கு பொருள். 'பாரதி ஜாதியைப் பற்றி என்ன சொன்னார்' என்று கேட்பவரிடம், எந்த ஜாதியை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அயோத்திதாசர்தான். மற்றவர்கள் சொல்லை வசதிக்குப் பயன்படுத்தினார்கள்; இவர் அந்தச் சொல்லையே கூண்டில் ஏற்றி விசாரித்தார். சாதி என்பதைச் 'சாதித்தல்' என்ற வினையோடு சேர்த்து விளக்கினார். ஒரு மொழியைச் சாதிப்பவர்கள், அதாவது பேசி வழங்குபவர்கள், அந்தச் சாதியார். தமிழ் பேசுபவர் தமிழ்ச் சாதி, கன்னடம் பேசுபவர் கன்னடச் சாதி, அவ்வளவுதான் என்பது அவர் வாதம். மொழிநூல்காரர்கள் இதை ஏற்க மாட்டார்கள். பிறப்பைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் இங்கே வேர்ச்சொல் சரியா தப்பா என்பதில் மாட்டிக்கொண்டால் விஷயம் கைநழுவிவிடும். பிறப்பால் உயர்வு தாழ்வு என்று அடிக்கப் பயன்பட்ட சொல்லைப் பிடுங்கி, அதிலிருந்து பிறப்பையே எடுத்துவிட்டு, மொழியை உள்ளே வைத்தார். கூடவே 'சாதிபேதமற்ற' என்ற அடைமொழியை விடாமல் பயன்படுத்தினார். அங்கே வரும் சாதி, வேரோடு பிடுங்க வேண்டிய சாதி. இரண்டையும் அவர் எழுத்தில் பிரித்துக் குறியுங்கள். குலப் பொருளில் அவர் எதிர்த்ததும் மொழிப் பொருளில் அவர் ஏற்றதும் அடுத்தடுத்த பத்திகளில்கூட வரும்.

தேசிய இதழ்கள் 'நாம் எல்லோரும் ஒரே ஜாதி' என்ற பாணியில் எழுதிய அதே வருஷங்களில், அந்த 'நாம்' யார் என்று தமிழனில் கேள்வி வந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படித்தால்தான் இது புரியும். நான் மூன்று பத்திரிகை எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஏழாம் படி: அரசாங்கம் எப்படிப் படித்தது?

இது கட்டாயமில்லை, ஆனால் சுவையானது. சென்னை அரசாங்கம் தமிழ், தெலுங்கு முதலிய மொழிப் பத்திரிகைகளை ஆள் வைத்துப் படிக்கச் சொல்லி, வாராவாரம் ஆங்கிலத்தில் சுருக்கம் தயாரித்தது. பத்திரிகைகளைக் கண்காணிக்கத்தான். ஆவணக் காப்பகத்தில் அந்த அறிக்கைகளைக் கேட்டு வாங்கலாம். உங்கள் தமிழ்ப் பத்திக்கு அதில் சுருக்கம் இருந்தால், அந்த மொழிபெயர்ப்பாளர் ஜாதிக்கு என்ன ஆங்கிலச் சொல் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். உங்கள் ஊகத்தைச் சரிபார்க்க, அதே காலத்தில் வாழ்ந்த ஒருவரின் சாட்சியம் அது. சர்க்கார் சம்பளம் வாங்கிய சாட்சி என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

எட்டாம் படி: சொல் எப்போது சுருங்கியது?

1910க்குப் பிறகு ஐந்தைந்து வருஷமாகத் தாவி ஒரு மாதத்து இதழ்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1915, 1920, 1925, 1930. தேசத்தார் என்ற பொருள் மெல்ல 'தேசிய', 'தேசத்தார்', 'இனம்' என்ற சொற்களுக்குக் குடிபோவதைப் பார்க்கலாம். என் கணிப்பு, இதற்கு அரசியல்தான் முக்கியக் காரணம். 1916 கடைசியில் பிராமணரல்லாதார் அறிக்கை, 1917இல் நீதிக்கட்சியின் 'திராவிடன்', 1925 மே மாதத்தில் பெரியாரின் 'குடி அரசு', 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு. பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதே விவாதமான காலம். அப்படிச் சூடேறிய சொல்லைத் தேச ஒற்றுமைக்கு எடுத்து வைக்க யாருக்குக் கை வரும்?

பக்கத்து மொழிகளில் கதை வேறு. தெலுங்கில் இன்றும் தேசிய கீதத்துக்கு 'ஜாதீய கீதம்' என்றுதான் பெயர். வங்கதேச நாடாளுமன்றம் 'ஜாதீய சங்சத்'. இலங்கைத் தமிழருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஐக்கிய தேசியக் கட்சியின் சிங்களப் பெயர் 'எக்சத் ஜாதிக பக்ஷய' என்று அவர்கள் தினமும் கேட்டது. பாரதி வைத்த தலைப்பு தமிழில்தான் இன்று விநோதமாக ஒலிக்கிறது.

குறிப்பு எழுதும் முறை

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சீட்டு. இதழ், தேதி, பக்கம், தலையங்கமா, தந்தியா, கடிதமா, விளம்பரமா, சொல் அச்சில் உள்ளபடியே, முன்னும் பின்னும் மூன்று சொல், உங்கள் ஊகப் பொருள், உறுதியா, சந்தேகமா. விளம்பரமா செய்தியா என்று குறிக்காமல் விட்டால் பிற்பாடு எண்ணிக்கை போடும்போது ஜாதிக்காய் வியாபாரியும் தலையங்க ஆசிரியரும் ஒரே கணக்கில் வந்துவிடுவார்கள். நூறு சீட்டு சேர்ந்தால் போதும், ஒரு கட்டுரைக்குத் தாங்கும். இருபது சீட்டை வைத்துக்கொண்டு 'அந்தக் காலத்தில் ஜாதி என்றால் தேசம்தான்' என்று சமூக ஊடகத்தில் அடித்துவிடுகிறவர்களோடு சேர்ந்துவிடாதீர்கள்.

கை பழகியபின் அடுத்த சொல்லுக்குப் போகலாம். 'வகுப்பு' நல்ல தேர்வு. இன்று பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தச் சொல், 1920களில் 'வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம்' என்று சட்டசபையில் இருந்தது. இல்லையென்றால் 'சமூகம்'. பழைய மனு ஒன்றில் 'கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு' என்று பார்த்தால், துரைக்கு எந்தச் சமூகம் என்று தேடிக் கிளம்பாதீர்கள். அங்கே அதற்குச் 'சந்நிதானம்', 'முன்னிலை' என்றுதான் பொருள்.